ஏங்கெல்ஸின் கிண்ணத்திலிருந்த மது

சென்ற தவணையிறுதியில், எமது பாடசாலை உயர்தர வகுப்பு மாணவர் சிலர் மாலைவேளைகளிற் கூடி வாசிக்கும் சிறு வட்டமொன்றில், மார்க்ஸ் குடும்பத்தாரின் இல்வாழ்க்கை பற்றிய பேச்சு எழுந்தது. அக்காலத்து ஆங்கிலேய இல்லங்களில் ஒரு விளையாட்டு வழக்கிலிருந்தது. வீட்டிற்கு வருவோரிடம், அவர் பெரிதும் விரும்பும் குணம் யாது, வெறுப்பது யாது, மகிழ்ச்சியென அவர் கருதுவது யாது என்பன போன்ற வினாக்களைக் கொடுத்து, விடைகளை ஓர் ஏட்டிலே எழுதுவித்து வைத்துக்கொள்வர். மார்க்சின் பெண்மக்களும் இவ்விளையாட்டில் ஈடுபட்டனர். மகிழ்ச்சி யாது என்ற வினாவுக்கு 1865இல் மார்க்ஸ் அளித்த விடை, போராடுதல் என்பது. மாணவர் அதனைக் கேட்டுக் களித்தனர். 1868 ஏப்ரிலில் மூத்த மகள் ஜென்னியின் ஏட்டில் அதே வினாவுக்கு ஏங்கெல்ஸ் எழுதிய விடை, ஷாத்தோ மார்கோ 1848 என்பது.

அஃது யாதென மாணவர் கேட்டனர். பிரான்சு தேசத்துச் செந்நிற முந்திரிகை மது. விலையுயர்ந்த மதுக்களுள் ஒன்று. 1848 என்பது அது வடிக்கப்பட்ட ஆண்டு என்றேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன், "சேர், இது எங்கடை ஏங்கெல்ஸ்தானோ?" என்றான். ஏனையோர் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

இத்தகைய சந்தர்ப்பங்களில் எம்மவர் கூறும் சமாதானங்கள் இரண்டுள. புரட்சி ஆண்டாகிய 1848ஐ வைத்து அவர் செய்த வேடிக்கை அது என்பர் ஒருசாரார். பெரியோரிடத்தும் சிறு பலவீனங்கள் உண்டு, அவற்றைப் பொருட்படுத்தலாகாது என்பர் மறுசாரார். இரண்டையும் நானே ஒரு காலத்திற் கூறியிருக்கின்றேன். அன்று அம்மாணவனின் முகத்தைப் பார்த்தபின் இரண்டும் என் வாயில் வரவில்லை. வேடிக்கை என்று தள்ளிவிட்டால் மதுவைப் பற்றி ஒன்றும் அறியோம். பலவீனம் என்று மன்னித்துவிட்டால் ஏங்கெல்சைப் பற்றி ஒன்றும் அறியோம். அந்த மதுவையே எடுத்துக்கொண்டு, அது யார் நிலத்தில், யார் கையால் ஆகியது, அதற்கு அப்பெயரும் விலையும் எங்ஙனம் வந்தன என ஆராய்வதே முறையாகும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுதல் நன்று. இம்மதுவை நான் சுவைத்தவனல்லன்; ஆசிரியச் சம்பளத்திற் சுவைக்கப் போவதுமில்லை. ஆகவே நாவின் தீர்ப்பை எவரும் இங்கு எதிர்பார்க்க வேண்டாம்.

போர்தோ நகருக்கு வடக்கே, ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையோரமாக நீண்டு கிடப்பது மெதொக் பிரதேசம். அங்குள்ள மார்கோ என்னும் கிராமத்தின் பெயரையே இத்தோட்டம் தன் பெயராகக் கொண்டுள்ளது. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லெஸ்தொனாக் குடும்பத்தார் இங்கு தானியப் பயிரை விட்டு முந்திரிகையைப் பெருக்கலாயினர். 17ஆம் நூற்றாண்டு முடியுந் தறுவாயில் தோட்டத்தின் பரப்பு 265 ஹெக்டேர். அதில் மூன்றிலொரு பங்கு முந்திரிகைக் கொடி. இன்றும் ஏறக்குறைய அதே அளவுதான். நிலமோ வளமான நிலமன்று. ஆறு கொணர்ந்து குவித்த கூழாங்கற்களின் மேடு. மழைநீர் தங்காது வடிந்துவிடும். நீரைத் தேடி வேர் ஆழத்துக்குச் செல்லும். கொடி தழைக்காது, காய்ப்புக் குறையும், ஆனால் காய்த்ததிற் சாரம் மிகும்.

மதுவைப் பற்றி எழுதுவோர் இவ்விடத்தில் நின்று இயற்கையை வாழ்த்துவது வழக்கம். வாழ்த்தட்டும். ஆனால் அக்கூழாங்கல் மேடுகளைச் சூழ்ந்திருந்த சதுப்பு நிலங்களை 17ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்த பொறியியலாளர் வாய்க்கால் வெட்டுவித்து வடித்தனர் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இயற்கையின் கொடை எனப்படுவதன் அடியிலும் மண்வெட்டியின் தழும்பு உண்டு.

ஒரு ஹெக்டேரில் நாட்டப்படும் கொடிகள் 10,000 வரை. செம்மதுவுக்குரிய நிலம் ஏறத்தாழ 80 ஹெக்டேர் எனக் கொண்டால் எட்டு இலட்சம் கொடிகள். ஒவ்வொரு மாரிக்காலத்திலும் ஒவ்வொரு கொடியின் முன்னும் ஓர் ஆள் குனிந்து நின்று, எந்தக் கணுவை விடுவது, எந்தக் கிளையைக் கழிப்பது என முடிவு செய்யவேண்டும். எந்திரம் செய்யும் தொழிலன்று இது. சென்ற ஆண்டில் அக்கொடி எவ்வாறு வளர்ந்தது, வரும் ஆண்டில் எவ்வளவு தாங்கும் என்பதெல்லாம் கத்தி பிடித்தவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். கைப்பிரதி ஒன்றைச் செப்பனிடும் பதிப்பாசிரியனின் கண்ணும் இவன் கண்ணும் ஒரே வகையின என எனக்குத் தோன்றுவதுண்டு. ஓராண்டுக்கென ஒப்பிய கூலிக்கு, குறித்த பரப்பிலுள்ள கொடிகள் அனைத்தையும் பேணும் பொறுப்பைத் தொழிலாளிக் குடும்பமொன்றிடம் ஒப்படைக்கும் முறை மெதொக்கில் நெடுங்காலம் நிலவியது. கைவேலை அத்துடன் முடிவதில்லை. கனிகளைக் கையாற் பறித்தல் வேண்டும். புளித்து அடங்கிய மதுவை 225 லீற்றர் கொள்ளும் ஓக்கு மரப் பீப்பாக்களில் ஒன்றரை ஆண்டுக்கு மேலாக வைத்தல் வேண்டும். கலங்கலைத் தெளிவிக்கப் பீப்பாவுக்கு ஐந்தாறு கோழிமுட்டைகளின் வெண்கருவை அடித்துச் சேர்ப்பது பழைய முறை. பீப்பாக்களில் ஒரு பகுதியைச் செய்வதற்குத் தோட்டத்திலேயே தச்சுப் பட்டறை உண்டு.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தோட்டத்தை மேற்பார்த்த பெர்லோன் என்பவர், செங்கனியையும் வெண்கனியையும் கலந்து வடிக்கும் வழக்கத்தை நிறுத்தினார். விடிகாலையிற் பனிநீர் படிந்திருக்கும் வேளையிற் கனி பறித்தால் சாறு நீர்த்துப்போகும் எனக் கண்டு, வெயில் ஏறியபின் பறிக்கச் செய்தார். அவர் பெயர் எவ்வாறோ எஞ்சியிருக்கின்றது. அவர்கீழ் உழைத்தோர் பெயர் எஞ்சவில்லை. போத்தலிற் காணும் சிட்டையைப் பாருங்கள். அதிற் கொடி இல்லை, பீப்பா இல்லை, ஆளும் இல்லை. நான்கு தூண்கள் தாங்கும் முகப்பையுடைய ஒரு மாளிகையே உண்டு.

மாளிகையின் கதை வேறு. பிரெஞ்சுப் புரட்சியின்போது உரிமைக் குடும்பத்தைச் சார்ந்தோர் கில்லட்டினுக்கு இரையாக, தோட்டம் நாட்டுடைமையாகி ஏலத்துக்கு வந்தது. உழுதவனுக்கு அது கிட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொலொனில்லா என்னும் பிரபு அதனை வாங்கி, பழைய வீட்டை இடித்து, லூயி கொம்பு என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு இன்றைய மாளிகையைக் கட்டுவித்தார். 1836இல் அஃது அலெக்சாந்திரு அகுவாதோ என்பவருக்குக் கைமாறியது. ஸ்பெயினிற் பிறந்து, பாரிசில் வங்கியாளராகி, ஸ்பெயின் அரசுக்குக் கடன் திரட்டிக் கொடுத்துப் பெருஞ்செல்வரானவர் இவர். 1879இல் வாங்கிய பியே-வில் பிரபுவும் வங்கியாளரே. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அது போர்தோ மது வணிகராகிய ஜினெஸ்தே குடும்பத்தாரிடம் இருந்தது. 1973–74இன் சந்தை வீழ்ச்சியில் அவர்கள் நொடித்தனர். அமெரிக்கக் கம்பனியொன்று விலைபேச, பிரெஞ்சு அரசு அதனைத் தடுத்தது. 1977இல் பலசரக்குக் கடைகளின் அதிபரான அந்திரே மென்செலோபுலோஸ் 7 கோடியே 20 இலட்சம் பிராங்குக்கு வாங்கினார். நீதிமன்றப் பிரபு, ஏலத்தில் எடுத்தவர், வங்கியாளர், வணிகர், கடைத்தொடரதிபர் என இவர்களை வரிசைப்படுத்தினாற் பிரெஞ்சுச் சொத்துடைமையின் நானூறாண்டு வரலாறு கிடைக்கின்றது. வரிசையில் ஆட்கள் மாறினர். கொடிமுன் குனிந்தவனின் இடம் மாறவில்லை.

1848 என்னும் எண்ணை இனி நோக்குவோம். அவ்வாண்டின் மது, அகுவாதோ 1842இல் இறந்தபின் அவர் வழியினர் காலத்தில் விளைந்தது. லூயி பிலிப் மன்னனின் ஆட்சியில் நாட்டை ஆண்டது முதலாளி வர்க்கம் முழுவதுமன்று, வங்கியாளரும் பங்குச்சந்தை அரசரும் அடங்கிய ஒரு பிரிவே என மார்க்ஸ் 1850இல் எழுதினார். 1848 பெப்ரவரியில் அம்மன்னனின் ஆட்சி கவிழ்ந்தது. வங்கிப் பணத்தில் வாழ்ந்த தோட்டத்தின் கொடிகளோ அவ்வாண்டு இலையுதிர்காலத்திற் சிறந்த கனியைத் தந்தன. அரசியலின் கணக்கும் பருவத்தின் கணக்கும் ஒன்றல்லவே!

அதே கட்டுரைத் தொடரில் மது வரியைப் பற்றிய பகுதியொன்றுளது; எம்மவர் அதனை விரைந்து கடந்துவிடுவர். 1848இன் குடியரசு மது வரியை நீக்குவதாக அறிவித்தது. 1849 டிசெம்பரில் அடுத்த சட்டசபை அதனை மீண்டும் நிலைநாட்டியது. மதுவின் தரத்தையோ விலையையோ பாராது அளவின்மீது விழுந்த வரி அது. செல்வன் அருந்தும் மதுவில் அது பெறுமதியின் சிறு துளி. கூலியாள் குடிக்கும் மலிவு மதுவிலோ பெரும் பாரம். அளவு ஒன்று, வரி ஒன்று. வர்க்கம் மட்டும் இரண்டு. இந்த அநீதியே குடியானவனுக்கு அரசாங்கத்தின் உண்மை முகத்தைக் காட்டியது என்பது மார்க்சின் வாதம். அவருக்கு இது புதிய விடயமன்று. 1843இலேயே மோசல் ஆற்றுப்பக்கத்து முந்திரிகைப் பயிராளரின் வறுமையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதி அரசாங்கத்தின் சினத்துக்கு ஆளானவர். பொருளாதார ஆராய்ச்சிக்குத் தம்மை முதலில் தூண்டியவற்றுள் அதுவும் ஒன்று எனப் பின்னாளிற் குறிப்பிட்டுள்ளார். மார்க்சியத்தின் தோற்றுவாயில் முந்திரிகைத் தோட்டம் ஒன்று இருப்பதை மறந்துவிட்டு, ஏங்கெல்ஸின் கிண்ணத்தைக் கண்டு நாம் திகைக்கின்றோம்.

1855இல் மூன்றாம் நெப்போலியனின் ஆணையில் பாரிசிலே உலகக் கண்காட்சி நடைபெற்றது. அதற்கென ஜிரோந்து மாவட்டச் செம்மதுக்களைத் தரவரிசைப்படுத்தித் தருமாறு போர்தோ வணிகச் சபை மதுத் தரகர் சங்கத்தைக் கேட்டது. அவர்கள் ஏப்ரில் 18ஆம் நாளிட்ட பட்டியலை ஐந்து வகுப்புகளாகக் கொடுத்தனர். முதல் வகுப்பில் நான்கு பெயர்கள். மார்கோ அவற்றுள் ஒன்று. அவர்கள் கண்காட்சிக்கெனப் போத்தல்களைத் திறந்து சுவைத்துத் தீர்ப்பளிக்கவில்லை. பல்லாண்டுகளாகச் சந்தையில் எது என்ன விலைக்குப் போயிற்றோ அதனை இறங்குவரிசையில் எழுதினர். தரகர் என்ற முறையில் அவர்கள் செய்தது நேர்மையானதே. ஆனால் அன்று விலைப்பட்டியலாக இருந்தது பின்னர் சுவைப்பட்டியலாகப் படிக்கப்பட்டது. 1973இல் மூத்தோன் தோட்டம் முதல் வகுப்புக்கு உயர்த்தப்பட்டது தவிர, அப்பட்டியலின் முதல் வரிசை மாறவில்லை. வகுப்பு நிலத்துக்கு உரியதுமன்று. தோட்டத்தின் பெயருக்கு உரியது. அயலிலுள்ள கீழ்வகுப்பு நிலத்தைத் தோட்டத்துடையார் வாங்கிச் சேர்த்தால் அந்நிலத்துக் கனியும் மேல்வகுப்பாகிவிடும். எங்கள் இலக்கிய உலகிலும், ஒருகாலத்து அவையேற்றம் பெற்ற நூலின் பெயரை வைத்தே பின்வந்த அனைத்தையும் அளப்போர் உளர். அவர்கள் போர்தோவுக்குச் செல்லாமலே தரகராயினர்.

இப்பட்டியலுக்குக் கீழேயுள்ள சொற்கள் இன்னும் சுவையானவை. வகுப்புப் பெறாத தோட்டங்களை மெதொக்கில் முறையே பூர்ஷ்வா விளைச்சல், கைவினைஞர் விளைச்சல், குடியானவர் விளைச்சல் என வழங்கினர். இது நான் இட்ட பெயரன்று, இடதுசாரியொருவன் செய்த கேலியுமன்று. வணிகத்தில் வழங்கிய பெயர். 1932இல் போர்தோ வணிகச் சபை ஏற்ற பட்டியலில் 444 பூர்ஷ்வா தோட்டங்கள் இருந்தன. சமுதாயத்தின் ஏணியைப் போத்தலின்மேல் இதைவிட வெளிப்படையாக எவர் எழுதக்கூடும்? கொடி வகைகளிலும் உயர்குடிக் கொடி உண்டு. மார்கோவின் செம்மதுவில் மிகுதியும் சேரும் கபர்னே சொவிஞ்ஞோன் அவ்வுயர்குடியைச் சேர்ந்தது. மார்கோ மதுவைப் பெண்மை வாய்ந்தது என்றும், பட்டுப் போன்றது என்றும், குலப்பண்புடையது என்றும் எழுதுவது ஒரு மரபாகிவிட்டது. மணத்தையும் துவர்ப்பையும் சொல்லவந்தவன் சொல்லை மண்ணிலிருந்து எடாமல் அரண்மனையிலிருந்து கடன்வாங்குகின்றான். எமது புறநானூற்றிலும் நக்கீரர் யவனர் கொணர்ந்த மணமிகு தேறலைப் பாடுகின்றார். அதனைப் பொற்கலத்தில் ஏந்தும் மகளிரும் அருந்தும் பாண்டியனும் பாட்டில் உளர். எங்கோ ஒரு கரையில் அதனைப் பிழிந்தவனுக்கு அங்கும் இடமில்லை.

எனில், அச்சுவையே பொய்யோ? மேட்டுக்குடியினரின் மாயையோ? எமது நண்பர் சிலர் அவ்வாறு கூறி எழுந்து போய்விடுவர். அவர்களோடு நான் உடன்படேன். எட்டு இலட்சம் கொடிகளின்முன் குனிந்தவரின் அறிவு, பெர்லோனின் கவனிப்பு, பீப்பாத் தச்சனின் காது, இவையெல்லாம் சேர்ந்து கிண்ணத்தில் ஒன்றையும் ஆக்கவில்லை என்று சொல்வது உழைப்பை மதிப்பதாகாது. உழைப்பின் கலையை மறுப்பதாகும். சுவை உண்மை. அதன் பெறுமதியும் உண்மை. விலைதான் வேறு கணக்கு.

அக்கணக்கு 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில், நிலவாரம் பற்றிய இறுதிப் பகுதிகளுள் ஒன்றில் வருகின்றது. மிகச் சிறந்த மதுவை, ஆனால் சிறு அளவில் மட்டுமே தரக்கூடிய தோட்டத்தை மார்க்ஸ் அங்கு எடுத்துக்காட்டாகக் கொள்கின்றார். அதன் மதுவுக்கு ஏகபோக விலை கிடைக்கும். பெறுமதிக்கு மேலாக அவ்விலை எவ்வளவு உயரும் என்பதை நிர்ணயிப்பது அருந்துவோரின் செல்வமும் விருப்பமுமே. அந்த மிகுதி, பூமியின் அத்துண்டுக்கு உரிமைப் பத்திரம் வைத்திருப்பவனுக்கு வாரமாகப் போய்ச் சேரும். கொடியைக் கழித்தவனின் திறமையால் மது சிறந்தது. சிறந்ததனால் விலை உயர்ந்தது. உயர்ந்த விலையோ மாளிகைக்குப் போயிற்று. இரண்டாம் தொகுதியிலும் நிலவறையிற் கிடந்து முதிரும் மதுவை அவர் எடுத்துக்காட்டுவார். உழைப்பு நின்றபின்னும் உற்பத்திக் காலம் நீளும் என்பதை விளக்க அதனினும் பொருத்தமான பொருள் வேறெதுவுண்டு!

இத்தொகுதிகள் இரண்டையும் மார்க்ஸ் இறந்தபின் கையெழுத்துக் குவியலிலிருந்து எடுத்து 1885இலும் 1894இலும் பதிப்பித்தவர் யார்? அதே ஏங்கெல்ஸ்.

அவரைக் குற்றமற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. 1868இல் அவ்விடையை எழுதியபோது அவர் மான்செஸ்டர்ப் பருத்தி ஆலையொன்றின் பங்காளி. மார்கோவுக்கான பணம் நூற்போரின் உழைப்பிலிருந்து வந்தது. மார்க்ஸ் குடும்பத்தின் சோறும் அவ்வாறே வந்தது. அவ்வணிகத்தை அவர் வெறுத்தார், அடுத்த ஆண்டில் அதனைவிட்டு விலகவும் செய்தார் என்பது வரலாறு. 1848ஐப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அவ்வாண்டு செப்டெம்பரில் கொலோன் நகரிற் பிடிவிறாந்து பிறந்ததும் தப்பியோடி, பாரிசிலிருந்து சுவிற்சர்லாந்துவரை கால்நடையாகச் சென்றார். மெதொக் பக்கம் அவர் போகவில்லை. பர்கண்டி வழியே நடந்தார். அறுவடைக் காலம். விளைச்சல் மிகுந்து பீப்பாக்கள் போதாதிருந்தன. அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதத் தொடங்கி முடிக்காத குறிப்புகளில் மதுவின் வகைகளும் ஊர்களின் களிப்பும் உயிரோடு வருகின்றன. குடியானவன் வரும்போது மட்டும் எழுத்துக் கடுமையாகிவிடுகின்றது. நாகரிகத்தின் நடுவே வாழும் அநாகரிகன் என்ற முறையிலே அவனைத் தீர்க்கின்றார். லூயி நெப்போலியனை அக்குடியானவர் ஆதரிப்பதைக் கண்ட இருபத்தேழு வயதுப் புரட்சிவாதியின் ஆத்திரம் அது, விளங்கிக்கொள்ளலாம். ஆயினும் மதுவிற் கண்ட நுட்பத்தை அதை விளைவித்தவனிடம் அவர் அன்று காணவில்லை. அதற்கு நெடுங்காலம் எடுத்தது. 1894இல், மூன்றாம் தொகுதி வெளிவந்த அதே ஆண்டில், பிரான்சிலும் ஜெர்மனியிலும் குடியானவர் பிரச்சினை என்ற கட்டுரையைப் பொறுமையோடும் மரியாதையோடும் எழுதினார். சிறு நிலக்காரனைப் பலவந்தத்தாலன்றி எடுத்துக்காட்டாலும் உதவியாலும் கூட்டுறவுக்குக் கொணரவேண்டும் என்றார். என்னைக் கேட்டால், ஏங்கெல்ஸ் என்னும் மனிதரை அறிய அவ்விரு எழுத்துகளையும் அருகருகே வைத்துப் படிக்கவேண்டும் என்பேன்.

இடையில் மற்றொன்று. ஜென்னியின் ஏட்டில் ஏங்கெல்ஸ் எழுதிய அதே 1868இல், தென் பிரான்சில் கொடிகள் பட்டுப்போவதன் காரணத்தைத் தேடிய பிளாஞ்சோன் என்னும் தாவரவியலாளர், வேரைத் தின்னும் பிலொக்செரா என்ற சிறு பூச்சியைக் கண்டுபிடித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி. மாற்றும் அங்கிருந்தே வந்தது. அமெரிக்க வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவதாலேயே பிரான்சின் தோட்டங்கள் பிழைத்தன. ஏங்கெல்ஸ் சுவைத்தது சொந்த வேரில் நின்ற கொடியின் மது. தூய குலப்பண்பைப் பற்றி எழுதுவோர் இந்த ஒட்டு வேரைப் பற்றி அதிகம் பேசார்.

இன்று மார்கோவின் முதல் மது ஒரு போத்தல் பல நூறு யூரோ விலை போகின்றது. பீப்பாவில் இருக்கும்போதே, போத்தலில் அடைக்குமுன்னரே, அது விற்கப்படுகின்றது. வாங்குவோருட் பலர் அதனைக் குடிப்பதற்கென வாங்குவதில்லை. பண்டகசாலையில் வைத்து விலையேறியதும் விற்பர். பெட்டியை ஒருமுறையேனும் திறவாமலே பலர் கைக்கு மாறும் மது அது. 2008இல் ஹொங்கொங் மதுவின்மீதான வரியை முற்றாக நீக்கியது. அதன்பின் சில ஆண்டுகளில் உச்ச வகுப்பு மதுக்களின் விலை ஆகாயத்துக்கு ஏறியது. 1849இன் குடியானவன் கேட்டுப் பெறாத வரிநீக்கம்!

அதே ஜிரோந்து மாவட்டத்தில், மாளிகையோ வகுப்போ இல்லாத சிறு தோட்டக்காரரின் நிலை வேறு. அவர்களின் மதுவுக்கு உற்பத்திச் செலவும் கிட்டுவதில்லை. 2023இல் கொடியைப் பிடுங்கி எறிவோருக்கு ஹெக்டேருக்கு 6,000 யூரோ வீதம் உதவிப்பணம் கொடுக்கும் திட்டம் அங்கு வகுக்கப்பட்டது. 9,500 ஹெக்டேர் வரை பிடுங்குவது அதன் இலக்கு. மார்கோவின் முழுத்தோட்டத்தையும்போல முப்பத்தைந்து மடங்கு நிலம். பிடுங்கப்படும் கொடிகளுக்கும் கத்தி பிடித்த கைகள் இருந்தன. அவையும் எந்தக் கணுவை விடுவது என அறிந்திருந்தன.

இவற்றை அம்மாணவனிடம் ஒரே மாலையிற் சொல்லி முடிக்க இயலவில்லை. ஏங்கெல்ஸ் நல்லதை விரும்பியது பிழையன்று என்று மட்டும் அன்று சொன்னேன். அவனுக்கு அது போதவில்லை என்பதை அறிவேன். "அப்ப அந்தத் தோட்டத்திலை வேலை செய்த ஆக்கள் அதைக் குடிச்சவையோ, சேர்?" என்று கேட்டுவிட்டுப் போனான். நிலவாரம் பற்றிய அந்த அத்தியாயத்தின் தமிழ்ப்படி எம்மிடம் இல்லை. ஆங்கிலப் பிரதியிலிருந்து நானே இரண்டு பக்கங்களைப் பெயர்த்து வைத்திருக்கின்றேன். தவணை தொடங்கியதும் அவற்றையே முதலில் வாசிப்பதாக இருக்கின்றோம்.